தில்லியில் இரண்டே நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

அலுவலக வேலையாகவோ, உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகவோ, பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகவோ தில்லிக்குச் செல்பவர்கள், "அவ்வளவு தூரம் போகிறோம், இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி ஊரையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று முடிவெடுப்பது வழக்கம். பயணச்சீட்டு எடுத்த அன்றே பட்டியல் தொடங்கிவிடும். செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், ராஜ்காட் என்று நாமே ஆறு பெயர்களை எழுதுவோம், ஏற்கெனவே போய் வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு சேர்ப்பார்கள், கடைசியில் யாராவது ஒருவர், "தாஜ் மஹாலைப் பார்க்காமலா வருவீர்கள்?" என்று கேட்பார். இப்படிப் பதினைந்து, பதினாறாக நீண்டுவிடும் பட்டியலை ஐந்தாகவோ ஆறாகவோ எப்படிக் குறைப்பது என்பதை, பலமுறை தில்லிக்குச் சென்றும் உறவினர்களை அழைத்துச் சென்றும் நான் கற்றுக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

முதன்முறை நான் என் பெற்றோருடன் சென்றபோது, ஒரே நாளில் ஒன்பது இடங்களைக் காட்டும் சுற்றுலாப் பேருந்தில் இடம் பிடித்திருந்தோம். குதுப் வளாகத்திற்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் பாதி நுழைவுச்சீட்டு வரிசையிலேயே கழிந்தது. பள்ளிப் பாடத்தில் படித்த துருப்பிடிக்காத இரும்புத் தூணைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ரயில் ஏறியதிலிருந்தே அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். கோபுரத்தின் அடியில் நின்று படம் எடுத்து முடிப்பதற்குள் பேருந்துக்குத் திரும்பும்படி அழைப்பு வந்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் இருந்த தூணைப் பார்க்காமலேயே அவர் ஊர் திரும்பினார். பிறகு அவரை மறுபடியும் அழைத்துச் சென்றது ஏறக்குறைய அந்தத் தூணுக்காகவே.

முதலில் மணிக்கணக்கு

காலை எட்டு மணிக்கு அறையை விட்டுக் கிளம்பி மாலை ஏழு மணிக்குத் திரும்புவதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளில் பதினொரு மணி நேரம் கிடைக்கும். சாப்பாட்டிற்கும் சற்று உட்கார்ந்து இளைப்பாறுவதற்கும் இரண்டு மணி நேரம் போய்விடும். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்குச் செல்வது, மெட்ரோ நிலையத்திலும் நினைவுச்சின்னத்தின் வாசலிலும் பாதுகாப்புச் சோதனைக்கு நிற்பது ஆகியவற்றில் மூன்று மணி நேரம் கரையும். மிஞ்சுவது ஆறு மணி நேரம். செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை, குதுப் வளாகம் போன்ற பெரிய இடம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு மூன்று, இரண்டு நாளைக்கு ஆறு என்பதே உண்மையான அளவு. வந்து இறங்கும் நாளும் புறப்படும் நாளும் இந்தக் கணக்கிற்குள் இருந்தால் அது நான்காகச் சுருங்கும். பட்டியலைத் தொடுவதற்கு முன்பே இந்த எண்ணைத் தாளின் தலைப்பில் எழுதிவிடுங்கள். பிறகு சேர்க்கப்படும் ஒவ்வொரு பெயருக்கும் ஈடாக இன்னொரு பெயரை அடிக்க வேண்டியிருக்கும் என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்து, கிழமை. தில்லியில் திங்கட்கிழமை எதற்கெல்லாம் விடுமுறை என்று தெரியாமல் சென்று, பூட்டிய வாயிலின் முன் நிற்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், காந்தி ஸ்மிருதி, ரயில் அருங்காட்சியகம் ஆகிய அனைத்துக்கும் திங்கள் விடுமுறை. குதுப் வளாகமும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். உங்கள் இரண்டு நாட்களில் ஒன்று திங்களாக அமைந்தால், அந்த இரண்டையும் அன்றைக்கு வைத்துக்கொள்வதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சவுக்கின் மொத்த விற்பனைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அந்தத் தெருவின் உயிரோட்டத்தைப் பார்க்க விரும்புபவர்கள் வேறு நாளில் செல்ல வேண்டும். ஆனால் தரியாகஞ்சின் பழைய புத்தகச் சந்தை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கூடுகிறது. முன்பு நடைபாதையில் நடந்த அந்தச் சந்தை, 2019 முதல் தில்லி கேட் மெட்ரோ நிலையத்திற்கு அருகிலுள்ள மகிளா ஹாட் வளாகத்தில் நடக்கிறது. புத்தகப் பிரியர்கள் ஒரு காலைப் பொழுதை அதற்கென்றே விட்டுவைக்கலாம். ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. ஜனவரி 26-ஐ ஒட்டி இந்தியா கேட் சுற்றுவட்டாரத்தில் கட்டுப்பாடுகள் இருக்கும்.

வரைபடத்தை நான்காகப் பிரித்தல்

பெயர்களைப் புகழின் வரிசையில் எழுதாமல், அவை இருக்கும் பகுதியின்படி எழுதிப் பாருங்கள். தில்லி என்பது ஒரே ஊர் என்று நினைத்துச் செல்கிறோம். வெவ்வேறு காலத்து அரசர்கள் வெவ்வேறு இடத்தில் எழுப்பிய பல தலைநகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் நிலப்பரப்பு அது. குறுகிய பயணத்திற்கு நான்கு பகுதிகள் போதும். வடக்கே ஷாஜஹான் அமைத்த பழைய தில்லி. நடுவில் ஆங்கிலேயர் 1911-இல் அறிவித்து 1931-இல் திறந்துவைத்த புது தில்லி. அதற்குத் தென்கிழக்கே நிஜாமுதீனும் ஹுமாயூன் கல்லறையும். தெற்குக் கோடியில் மெஹ்ரோலியும் குதுப் வளாகமும். அரை நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் இரண்டு நாளில் நான்கும் அடங்கிவிடும். ஒரே அரை நாளில் இரண்டு பகுதிகளைத் திணிப்பதுதான் பெரும்பாலான பயணத் திட்டங்களைக் குலைக்கிறது. காலையில் செங்கோட்டை, உடனே குதுப், மதியம் மறுபடி இந்தியா கேட் என்று போட்டால் பாதி நாள் சாலையிலேயே கழியும்.

இந்த நான்கையும் இணைப்பதற்கு மெட்ரோவை நம்பலாம். மஞ்சள் தடம் சாந்தினி சவுக், படேல் சவுக், மத்தியத் தலைமைச் செயலகம், குதுப் மினார் ஆகிய நிலையங்களை வடக்கிலிருந்து தெற்காகக் கோத்துச் செல்கிறது. ஊதாத் தடத்தில் செங்கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் தனித்தனி நிலையங்கள் உள்ளன. ஹுமாயூன் கல்லறைக்கு அதே தடத்தில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் செல்லலாம். குதுப் மினார் என்று பெயர் இருந்தாலும் அந்த நிலையத்திலிருந்து வளாகம் சற்றுத் தொலைவுதான். முதியவர்கள் உடன் இருந்தால் நடக்க முயல வேண்டாம், அங்கும் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

யமுனைக்கு அப்பால் இருக்கும் அக்ஷர்தாம், தென்கிழக்கே இருக்கும் தாமரைக் கோயில், அதற்கும் தெற்கே துக்ளகாபாத் கோட்டை ஆகிய மூன்றும் இந்த நான்கு பகுதிகளுக்குள் வரவில்லை. இரண்டு நாள் பயணத்தில் இவற்றை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. 2005-இல் திறக்கப்பட்ட அக்ஷர்தாமில் கைப்பேசியையும் கைப்பையையும் வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். அதற்கான வரிசை, உள்ளே நடக்கும் தூரம், மாலை நீர்க்காட்சி எல்லாம் சேர்ந்து அரை நாளை முழுதாக எடுத்துக்கொள்ளும். தாமரைக் கோயில், 27 இதழ்களோடு 1986-இல் கட்டி முடிக்கப்பட்ட அழகான கட்டடம்தான். ஆனால் அதன் வடிவம் வெளியிலிருந்தே முழுமையாகத் தெரிகிறது. உள்ளே இருப்பது அமைதியாக அமர்வதற்கான மண்டபம். அமைதியாக அமரும் மனநிலை, அடுத்த இடத்திற்குக் கிளம்ப வேண்டிய அவசரத்தில் வருவதில்லை.

ஒரே வகையில் ஒன்று போதும்

பகுதி பிரித்த பிறகும் பட்டியல் நீளமாகவே இருக்கும். அப்போது ஒரே வகையைச் சேர்ந்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல்லறை மாடங்களில் ஹுமாயூன் கல்லறையைப் பார்த்தால் 1754-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட சஃப்தர்ஜங் கல்லறையை விடலாம். கோட்டைகளில் செங்கோட்டை, புரானா கிலா, துக்ளகாபாத் மூன்றும் வேண்டாம், ஒன்று போதும். காந்தியடிகள் தொடர்பான இடங்களில் எல்லோரும் ராஜ்காட்டுக்குச் செல்கிறார்கள். என்னிடம் கேட்டால் காந்தி ஸ்மிருதிக்குச் செல்லுங்கள் என்றுதான் சொல்வேன். அவர் கடைசி 144 நாட்கள் தங்கியிருந்த அந்த வீட்டில், 1948 ஜனவரி 30 மாலை அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்கு நடந்த பாதையில், அவருடைய ஒவ்வோர் அடியையும் குறிக்கும் காலடிச் சுவடுகளைத் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். வீட்டின் பக்கத்திலிருந்து புறப்படும் அந்தச் சுவடுகள் புல்வெளியைக் கடந்து சென்று ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. அவற்றை ஒட்டி நடந்து பாருங்கள். அருகில் பேசிக்கொண்டு வரும் பள்ளிப் பிள்ளைகள்கூட அந்த இடத்தில் தாமாகவே பேச்சை நிறுத்துவதை நான் கவனித்திருக்கிறேன்.

செங்கோட்டைக்குள் செல்வதா, வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதா என்பது பலரும் கேட்க வேண்டிய, ஆனால் யாரும் கேட்காத கேள்வி. 1639-இல் தொடங்கி 1648-இல் முடிக்கப்பட்ட அந்தக் கோட்டையின் உள்கட்டடங்களில் பெரும்பகுதியை 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் இடித்துவிட்டுப் படைவீடுகளைக் கட்டினார்கள். மயிலாசனத்தை அதற்கு முன்பே, 1739-இல், பாரசீக மன்னர் நாதிர் ஷா கொண்டுசென்றுவிட்டார். எஞ்சியிருக்கும் சலவைக்கல் மண்டபங்கள் அழகானவை என்றாலும் அவற்றுக்கிடையே வெறும் புல்வெளிதான் மிகுதி. ஆக்ரா கோட்டையை ஏற்கெனவே பார்த்தவர்களும், வெயிலில் நடக்க இயலாதவர்களும் லாஹோரி வாயிலையும் சிவந்த மதிலையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டுச் சாந்தினி சவுக்குக்குள் நுழைந்துவிடலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகள் மீதான வழக்கு 1945-இன் இறுதியில் இந்தக் கோட்டைக்குள்தான் நடந்தது. மலேயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த தமிழர்கள் ஏராளமானோர் அந்தப் படையில் இருந்தவர்கள். உங்கள் குடும்பத்தில் தாத்தாவோ பெரியப்பாவோ அந்தப் படையில் இருந்ததாகச் சொல்லக் கேட்டிருந்தால், 2019-இல் உள்ளே திறக்கப்பட்ட நேதாஜி அருங்காட்சியகத்திற்காகவே செங்கோட்டைக்குள் செல்லுங்கள். அப்போது வேறெதையாவது விட்டுவிடுங்கள்.

பழைய தில்லியில் எனக்கு மிகவும் பிடித்தது கோட்டைக்கு எதிரே நேராகச் செல்லும் சாந்தினி சவுக் வீதிதான். தொடக்கத்தில் சமணர்களின் லால் மந்திர், சில அடிகளில் கௌரி சங்கர் கோயில், சற்று தூரத்தில் 1675-இல் குரு தேக் பகதூரின் உயிர் பறிக்கப்பட்ட இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாரா, வீதி முடியும் இடத்தில் ஃபதேபுரி மசூதி என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்துள்ளன. பகல் நேரத்தில் இந்த வீதியில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால் நடப்பது எளிது. நடக்க முடியாதவர்கள் சைக்கிள் ரிக்‌ஷாவில் செல்லலாம். வீதி முடிந்ததும் தொடங்கும் காரி பாவ்லியில் மிளகாய், மஞ்சள், உலர் பழ மூட்டைகளுக்கிடையே நுழைந்தால் நூறடிக்குள் தும்மல் வந்துவிடும். ஜாமா மசூதியைப் பார்க்க விரும்புபவர்கள் தொழுகை நேரத்தைத் தவிர்த்துச் செல்ல வேண்டும்; வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்தப் பக்கம் திட்டமே வேண்டாம்.

நான்கு பகுதிகளிலும் சேர்த்து ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்ற நிலை வந்தால், நான் ஹுமாயூன் கல்லறையைத் தேர்ந்தெடுப்பேன். 1556-இல் மறைந்த ஹுமாயூனுக்காக அவருடைய மனைவி ஹாஜி பேகம் எழுப்பிய அந்தக் கட்டடம், தாஜ் மஹாலுக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டு மூத்தது. நாற்புறமும் நீரோடைகள் பிரிக்கும் தோட்டத்தின் நடுவே உயர்ந்த மேடைமீது மாடம் அமைக்கும் முறையை இங்கே பார்த்துவிட்டு ஆக்ராவுக்குச் சென்றால் தாஜ் எங்கிருந்து வந்தது என்பது புரியும். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் 1857 செப்டம்பரில் பிடிபட்டதும் இங்கேதான். மாலை நான்கு மணிக்குப் பிறகு செல்லுங்கள். சாயும் வெயில் மேற்கு முகப்பில் விழும்போது சிவப்பு மணற்கல்லும் வெள்ளைச் சலவைக்கல்லும் நிமிடத்துக்கு நிமிடம் நிறம் மாறுவதை மேடையில் உட்கார்ந்தே பார்க்கலாம். மேடைக்கு ஏறும் படிகள் மட்டும் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே தோட்டத்தில் அமர்ந்து பார்ப்பது நல்லது. எதிரிலேயே இருக்கும் சுந்தர் நர்சரி பூங்கா அவர்களுக்கு இன்னும் வசதியானது. வியாழக்கிழமையாக இருந்தால், இருட்டிய பின் சாலையைக் கடந்து நிஜாமுதீன் தர்காவுக்குச் சென்று கவாலி என்னும் சூஃபி பக்திப் பாடல்களைக் கேட்கலாம். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவும் அவருடைய சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவும் அங்கே அருகருகே அடக்கமாகியிருக்கிறார்கள்.

நடுப்பகலையும் உடன் வருபவர்களையும் கருதுதல்

மே, ஜூன் மாதங்களில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் காலை நேர ரயில்களும் விமானங்களும் தாமதமாகும். கோடையில் நடுப்பகலை அருங்காட்சியகத்திற்கும், குளிர்காலத்தில் நடுப்பகலையே திறந்தவெளி இடங்களுக்கும் வைக்க வேண்டும். தேசிய அருங்காட்சியகம் மிகப் பெரியது. அங்கும் தேர்வு செய்தே பார்க்க வேண்டும். சிந்துவெளிக் கூடத்தையும், சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தையும் மட்டும் பார்த்தாலே போதும். மொஹஞ்சதாரோவின் நடனப் பெண் சிலையைப் பாடப் புத்தகத்தில் பார்த்தவர்கள் அதை ஆளுயரச் சிலையாகக் கற்பனை செய்திருப்பார்கள்; அது 10.5 செ.மீ. உயரம்தான், நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இடது கை முழுதும் வளையல்கள், வலது கை இடுப்பில், முகவாய் சற்றே உயர்ந்திருக்கும். அந்த அருங்காட்சியகத்தை வேறு கட்டடத்திற்கு மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டிருப்பதால், கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு பிள்ளைகள் உடன் வந்தால் ஒரு கல்லறையைக் குறைத்துவிட்டு சாணக்யபுரியின் ரயில் அருங்காட்சியகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய நீராவி எஞ்சின்களின் பக்கத்தில் அவர்கள் செலவிடும் நேரம் வீணல்ல. பெற்றோர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று விரும்பினால், ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின்மீது இருக்கும் மலை மந்திர் முருகன் கோயில் அவர்களுக்கு மனநிறைவு தரும். அப்படி ஒரு தேவை இல்லாதவர்கள், நம் ஊரில் கிடைக்காத அனுபவமாகப் பங்களா சாஹிப் குருத்வாராவைத் தேர்ந்தெடுக்கலாம். தலையை மூடிக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டு, கால் கழுவி உள்ளே சென்று, திருக்குளத்தைச் சுற்றி வந்து, லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் எல்லோருடனும் தரையில் வரிசையாக அமர்ந்து ரொட்டியும் பருப்பும் உண்ணலாம். யார், எந்த மதம் என்று எவரும் கேட்பதில்லை. மதிய உணவுக்கே அங்கு செல்வதாகத் திட்டமிட்டால் உணவு நேரமும் பார்க்கும் நேரமும் ஒன்றாகிவிடும். மாலை இருட்டிய பின் இந்தியா கேட்டையும், அதை ஒட்டி 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தையும் விளக்கொளியில் பார்ப்பதற்குத் தனி அரை நாள் தேவையில்லை.

ஆக்ராவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் விடை எப்போதும் ஒன்றுதான்: மூன்றாவது நாள் இருந்தால் போங்கள், இல்லையென்றால் இந்தப் பயணத்தில் வேண்டாம். இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரம். எவ்வளவு விரைவான ரயிலில் சென்றாலும் அறையிலிருந்து கிளம்பி அறைக்குத் திரும்புவதற்குள் ஒரு முழு நாள் ஆகிவிடும். தாஜ் மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம். தில்லியில் இரண்டு நாளில் ஒன்றை அதற்குக் கொடுத்தால், இரண்டு ஊரையும் அரைகுறையாகப் பார்த்ததாகவே முடியும்.

கடைசியாக, குதுப் வளாகத்தை முதல் நாள் காலையின் முதல் வேலையாக வையுங்கள்; கூட்டம் சேர்வதற்கு முன் அங்கே இருக்க வேண்டும். 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தின் உள்ளே 1981-இல் நடந்த விபத்துக்குப் பின் யாரையும் ஏறவிடுவதில்லை. எனவே கோபுரத்தடியிலேயே நேரத்தைக் கழிக்காமல், பக்கத்திலுள்ள மசூதியின் முற்றத்திற்குச் செல்லுங்கள். இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு அது கட்டப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. சங்கிலியில் தொங்கும் மணி செதுக்கிய தூண்களைப் பார்க்கும்போது நம் ஊர்க் கோயில் மண்டபங்கள் நினைவுக்கு வரும். முற்றத்தின் நடுவில் அந்த இரும்புத் தூண், ஏழு மீட்டர் உயரத்தில், ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் துருவேறாமல் நிற்கிறது. இரும்பில் இருக்கும் பாஸ்பரஸ் அதன்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியதே காரணம் என்று உலோகவியலாளர்கள் விளக்குகிறார்கள். திருமாலின் கொடிமரமாக நிறுத்தப்பட்டது என்று அதில் பொறித்த வடமொழிப் பாடல் சொல்கிறது. இப்போது சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். அதற்கு முன் பல தலைமுறை மக்கள் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்ததால், மார்பளவு உயரத்தில் ஒரு பகுதி மட்டும் மற்ற இடத்தைவிட வழவழப்பாக மின்னுகிறது. இரண்டாம் முறை சென்றபோது அப்பா அந்த வேலியருகே முக்கால் மணி நேரம் நின்றார். அன்று நாங்கள் அது தவிர இன்னும் ஓரிடம்தான் பார்த்தோம்.